தோட்டத்து ஏடுகளில் முன்னோர்: மலையகத் தமிழரின் வம்சத் தேடலும் அதற்கான ஆவணங்களும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா என்று தொடரும் தேயிலைத் தோட்டங்களில் ஐந்தாறு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள், தம் முன்னோர் யார், எந்த ஊரிலிருந்து எக்காலத்தில் யாரோடு வந்தனர் என்று தேடத் தொடங்கும்போது, பிற நாடுகளில் வம்ச ஆய்வுக்கு முதுகெலும்பாக இருக்கும் திருமணப் பதிவேடும் குடிசனக் கணக்கும் இங்கே மிகக் குறைந்த அளவே உதவுகின்றன என்பதை விரைவில் கண்டுகொள்கின்றன. திருமணங்களில் பெரும்பகுதி தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்து, பதிவாளரின் மேசையை அடையாமலே முடிந்தது. குடிசனக் கணக்கோ ஆட்களை எண்ணியதே தவிர அவர்களின் பெயர்களை வருங்காலத்துக்கு விட்டுவைக்கவில்லை. இந்த மக்களின் பெயர்களை மிகுதியாகத் தாங்கி நிற்பவை கடனுக்கும் கூலிக்கும், பின்னாளில் பிரஜாவுரிமையைக் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் எழுதப்பட்ட தாள்களே. ஆகவே ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அந்தத் தாளை யார், எதற்காகக் கேட்டார்கள் என்று பார்ப்பது மலையகத்து வம்சத் தேடலின் முதல் வேலையாகிறது.

இதன் காரணம் இடப்பெயர்வின் தன்மையிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் நேட்டாலை அடைந்த துரூரோ கப்பலில் சென்றவர்களும், 1879 முதல் 1916 வரை பிஜித் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களும், மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களும் ஒப்பந்தக் கூலி முறையின்கீழ் சென்றவர்கள். அந்த முறையில், குறித்த ஆண்டுகள் வேலை செய்வதாகக் கைநாட்டு வைத்த ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் எண்ணிட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடலிலுள்ள அடையாளம்வரை குடியகல்வுச் சீட்டில் எழுதிக்கொண்டது. அச்சீட்டுகளும் கப்பல் பட்டியல்களும் பெருமளவில் எஞ்சியிருப்பதால், மொரீசியஸின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குச் செல்லும் ஒருவர் தம் பூட்டனின் ஊரை ஒரே நாளில்கூடக் கண்டுபிடிக்க முடிகிறது. இலங்கைக்கு வந்தவர்களோ சட்டத்தின் கண்ணில் சுதந்திரமான தொழிலாளர். அவர்களை அழைத்து வந்தது அரசாங்கத்தின் முகவர் அல்லர், கங்காணி. தன் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி, முன்பணம் கொடுத்து, அந்தக் கடனைத் தோட்டத்தில் கழித்துக்கொள்ளும் இடைத்தரகரே கங்காணி. அவர்களுள் பல சில்லறைக் கங்காணிகளைத் தன்கீழ் வைத்திருந்தவர் பெரிய கங்காணி. ஒப்பந்தக் கூலி அடிமைத்தனத்துக்கு நிகரானது என்று கண்டிக்கப்பட்ட காலத்தில் இலங்கைத் தோட்டக்காரர்கள் தங்கள் முறையை மேலானதாகக் காட்டிக்கொண்டனர். அந்தச் 'சுதந்திரத்தின்' விலையை வம்ச ஆய்வாளர் இன்று செலுத்துகிறார். அரசு பொறுப்பேற்காத பயணத்துக்கு அரசு பட்டியலும் எழுதவில்லை.

கோப்பிக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 1820களின் நடுப்பகுதி முதல் 1880கள் வரை வந்தவர்களில் பெரும்பாலானோர் மன்னார்க் கரையில் இறங்கி, வடபகுதிக் காடுகளின் ஊடாக மாத்தளைவரை நடந்தே வந்தவர்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அதே காலத்துத் துரைமார்களின் நிலை வேறு. அவர்கள் பெயர்கள் டிக்கோயா வார்லி தேவாலயத்தின் கல்லறைகளிலும், 1859 முதல் வெளிவந்த பெர்குசன் இலங்கை வழிகாட்டி நூலிலும் தோட்டவாரியாக அச்சாகிக் கிடக்கின்றன. தொழிலாளர் குடும்பமொன்றின் வரலாற்றைத் தேடுபவருக்கும் அந்த வழிகாட்டி நூல் ஒரு வகையில் பயன்படுகிறது: எந்தத் தோட்டம் எப்போது திறக்கப்பட்டது, எந்தத் தோட்டத்தோடு எது இணைக்கப்பட்டது, எந்த ஆண்டில் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது என்பனவற்றை அதன் அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிட்டு அறியலாம். டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துக் காடுகள் பெரும்பாலும் 1860களுக்குப் பின்னரே வெட்டப்பட்டன. அட்டனுக்கு ரயில் 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது. ஆகவே 1840இலேயே மஸ்கெலியாவுக்கு வந்தோம் என்று ஒரு குடும்பக் கதை சொல்லுமானால், அக்குடும்பம் முதலில் கண்டி, கம்பளை, புசல்லாவைப் பக்கத்துப் பழைய கோப்பித் தோட்டமொன்றில் இருந்து பின்னர் மேலே ஏறியிருக்க வேண்டும் என்று கொள்வதே பொருந்தும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பயணத்துக்குத் தாள் சேர்ந்தது. தகரத் துண்டு என்று மக்கள் சொன்ன சிறு வட்டத் தகடு அப்போது நடைமுறைக்கு வந்தது. அதில் தோட்டத்தின் பதிவு எண்ணும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன, பெயர் இல்லை. கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிய அந்தத் தகட்டைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் ஆணையகம் தொடங்கப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து ரயில் பாதையோடு இணைந்தது. தட்டப்பாறை, மண்டபம் முகாம்களில் ஆட்களைத் தடுத்துவைத்து அம்மை குத்தி, நோயில்லை என்று கண்டபின் அனுப்பினார்கள். வெறும் துண்டு என்று சொல்லப்பட்டது வேறொரு தாள்: தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவரை விடுவிப்பேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை வைத்துக்கொண்டு கங்காணி தன் ஆட்களை வேறு தோட்டத்துக்கு நடத்திச் செல்லலாம். புதிய துரை கொடுக்கும் பணத்தில் பழைய கடன் அடைந்து புதிய கடன் தொடங்கும். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட இந்தத் துண்டு, எங்கேனும் ஒரு டிரங்குப் பெட்டியில் எஞ்சியிருந்தால், ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆண்டில் மாறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

குடிசனக் கணக்குக்கு வருவோம். இலங்கையில் முதல் முறையான கணக்கு 1871இல் எடுக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பொன்னம்பலம் அருணாசலமும் 1911ஆம் ஆண்டுக் கணக்குக்கு இ. பி. டென்ஹமும் பொறுப்பாக இருந்தனர். அச்சிட்ட அறிக்கைகள் செறிவானவை. தோட்டச் சனத்தொகை, பிறந்த இடம், சமயம், வயது, எழுத்தறிவு என்று அட்டவணைகள் நீள்கின்றன. ஆனால் ஒரு லயத்தின் ஒரு காம்பிராவில், அதாவது வரிசை வீட்டின் ஓர் அறையில், யார் யார் இருந்தார்கள் என்று எழுதிய தனித்தாள் ஆய்வாளர் கைக்கு எட்டுவதில்லை. இங்கிலாந்தில் நூறாண்டு கடந்ததும் வீட்டுவாரித் தாள்களே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் அவ்வாறு திறக்கப்பட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் கணக்கெடுப்புத் தாள் தொகையைக் கூட்டுவதற்கான கருவியாக மட்டுமே கருதப்பட்டது. கூட்டல் முடிந்ததும் அதன் பயனும் முடிந்தது. மலையகத்து வம்ச ஆய்வாளர் குடிசனக் கணக்கில் தேட வேண்டியது முன்னோரின் பெயரை அன்று, முன்னோர் வாழ்ந்த சூழலை: ஒரு பகுதியில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, இந்தியாவின் எந்த ஜில்லாவில் பிறந்தவர்கள் மிகுதி என்பன ஒரு குடும்பக் கதை நம்பத்தக்கதா என்று உரைத்துப் பார்க்க உதவும்.

கணக்கெடுப்பின் வகைப்பாடும் கவனத்துக்குரியது. 1911இல்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற இரண்டு இனப்பிரிவுகள் கணக்கில் தனித்தனியே வந்தன. அவ்வாண்டில் முன்னவர் 528,024 பேர், பின்னவர் 530,983 பேர். இந்தப் பிரிவு நிர்வாகத்தின் வசதிக்காகப் பிறந்ததாயினும், பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளின் 'இனம்' என்ற கட்டத்துக்குள்ளும் இறங்கி, அதன்பின் அரசியலையும் தீர்மானித்தது. 1971இல் 1,174,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 818,656 ஆகக் குறைந்ததற்கு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது முதற் காரணம். பிரஜாவுரிமை பெற்றவர்களில் ஒரு பகுதியினர் தம்மை இலங்கைத் தமிழர் என்று எழுதிக்கொண்டது இன்னொரு காரணம். ஆகவே தந்தையின் பிறப்பு அத்தாட்சியில் இந்தியத் தமிழர் என்றும் மகனுடையதில் இலங்கைத் தமிழர் என்றும் இருப்பதைக் கண்டு, இவை இரு வேறு குடும்பங்களின் தாள்கள் என்று ஒதுக்கிவிடுவது தேடலில் நிகழும் பிழைகளுள் ஒன்று.

திருமணப் பதிவின் நிலை இன்னும் சிக்கலானது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம், கண்டிச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் உட்படாத எல்லோருக்கும் பொதுவானது. அச்சட்டப்படி பதிவேட்டிலுள்ள குறிப்பே திருமணத்துக்குச் சிறந்த சான்று. பதிவு இல்லாத திருமணம் செல்லாது என்று அது சொல்லவில்லை என்பதால், வழக்கப்படி தாலி கட்டி ஊரறிய வாழ்ந்தவர்களை நீதிமன்றங்கள் கணவன் மனைவியாக ஏற்றுக்கொண்டன. தோட்டத்துத் தம்பதியருக்குப் பதிவாளரிடம் போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை, அதற்கு ஒருநாள் கூலியை இழக்க வசதியும் இருக்கவில்லை. அதனால் திருமணம் நடந்த ஆண்டின் ஏட்டைப் புரட்டி ஒன்றும் காணாதவர் தேடலைக் கைவிடக் கூடாது; பிள்ளையின் படிப்புக்கோ, பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கோ, கடவுச்சீட்டுக்கோ சான்று கேட்கப்பட்ட வேளையில், பேரப்பிள்ளை பிறந்த பிறகும்கூடப் பதிவு நடந்திருக்கலாம். பதிவு கிடைத்துவிட்டால் அது தருவது இவை: இருவர் பெயர், வயது, முன்னைய திருமண நிலை, தொழில், இனம், வசிப்பிடம், இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும், சாட்சிகளின் கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம். தாயின் பெயருக்கு அங்கே கட்டமில்லை. சாட்சிகளின் பெயர்களை ஆய்வாளர் பலர் பார்ப்பதே இல்லை. ஆனால் கங்காணியோ, தாய்மாமனோ, பக்கத்துக் காம்பிராக்காரரோ சாட்சியாக வருவதே வழக்கம் என்பதால், மணமகளின் பிறந்த வீட்டுக்குப் போகும் வழி பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகளிலேதான் திறக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் இவ்விடயத்தில் வாய்ப்புப் பெற்றவை. 1854இல் தொடங்கிய ஆங்கிலிக்கத் தமிழ்க் கூலி மிஷனும், கத்தோலிக்கப் பங்குகளும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடுகள் வைத்திருந்தன. அவற்றில் பெற்றோர் இருவரின் பெயரும் ஞானப்பெற்றோரின் பெயரும் சேர்ந்தே வரும். தோட்ட மக்களில் மிகப் பெரும்பான்மையோர் சைவ, சிறுதெய்வ வழிபாட்டினர் என்பதால் இந்த வளம் சிலருக்கே உரியது.

பிறப்புப் பதிவு ஒப்புநோக்கில் மேம்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி, 1895ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பின்னர் 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஒழுங்குபடுத்தப்பட்ட இந்த முறையில், தோட்டத்துக்குள் நிகழும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் கடமை தோட்டத் துரையின் தலையில் வைக்கப்பட்டது. நடைமுறையில் எழுதியவர் தோட்ட ஆபீசின் கிளாக்கர். சொன்னவர் தகப்பனோ கங்காணியோ. பெயர் வைக்கும் முன்னரே அறிவித்துவிட்டதால் பெயர்க் கட்டம் வெறுமையாக விடப்பட்ட பதிவுகளும் உண்டு. அறிவிக்காமலே விடப்பட்ட பிறப்புகளும் உண்டு. பிறப்புப் பதிவு கிடைக்காதவர்களுக்குப் பின்னாளில் வழங்கப்பட்ட உத்தேச வயதுச் சான்றிதழில் காணும் ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் கொள்வது கூடாது. அது அதிகாரி ஒருவரின் மதிப்பீடு.

சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, இடம், தந்தையின் முழுப்பெயர், அவர் பிறந்த திகதி, பிறந்த இடம், இனம், தொழில், தாயைப் பற்றிய விவரம் ஆகியவற்றுக்குப் பின், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்வி வருகிறது. அதையடுத்து இரண்டு கட்டங்கள்: பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம், தந்தை இலங்கையில் பிறவாதவராயிருந்து பூட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். பிள்ளை ஒன்றின் பிறப்பை எழுதும் தாள் அதன் பூட்டன் பிறந்த இடத்தைக் கேட்பது உலகில் அரிதான வழக்கம். வம்ச ஆய்வாளருக்கு இது வரமாகத் தோன்றும். ஆனால் கேள்வி பிறந்த இடம் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். விவாகக் கேள்விக்கான விடையும் தன் பங்குக்கு வம்சத்தை மறைக்கவல்லது. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத பெற்றோருக்கு அங்கே 'இல்லை' என்று எழுதப்பட்டது. அவ்வாறு எழுதப்பட்ட பிள்ளையின் பதிவில் தந்தையின் பெயரே இடம்பெறாமல் போவதும் உண்டு. பதிவேட்டின்படி தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளையின் தகப்பன் அதே லயத்தில் அதே காம்பிராவில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், அத்திகதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சவழிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. நூலகத்தில் ஓய்வாகச் செய்யப்படும் வம்ச ஆராய்ச்சியை அது லயத்துக் குடும்பங்களுக்குச் சட்டக் கடமையாக்கியது. அதற்கான பிறப்புப் பதிவுகள் இருக்க வாய்ப்பில்லாத காலத்துப் பாட்டன்மாரைப் பற்றி அக்கடமையை விதித்தது. பதிவுகள் சீராக இல்லாத கிராமத்துச் சிங்களவரிடமோ யாழ்ப்பாணத் தமிழரிடமோ அதே கேள்வி அதே கடுமையோடு கேட்கப்படவில்லை என்பதை நோக்கினால், ஆவணமின்மையைக் குற்றமாக்கிய சட்டமாகவே அதைக் கருத வேண்டியிருக்கிறது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சத்தை விட்டு வதிவைக் கேட்டது: திருமணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டும், ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும், ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த இடையறாமை முறியும், மனைவி திருமணத்தின் முதலாண்டு நிறைவுக்குள் இலங்கைக்கு வந்து தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

திருமணத் திகதி ஒரு குடும்பத்தின் நாட்டுரிமையைத் தீர்மானிக்கும் செய்தியாக மாறியது இந்த இடத்தில்தான். பதிவில்லாத திருமணத்தின் திகதியை நிறுவ, தோட்டத்துத் துரையின் கடிதம், செக்ரோல் எனப்படும் கூலிக் கணக்கேட்டின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பள்ளிக்கூட இடாப்பு, அயலார் சத்தியக் கடதாசி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து விசாரணை அதிகாரியின்முன் வைத்தார்கள். விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கியிருந்தன; பிரஜாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேர். எஞ்சியோரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, அல்லது முடிவின்றிக் கிடந்தன. வம்ச ஆய்வின் கண்ணோட்டத்தில் இதன் விளைவு முரணானது: ஒரு குடும்பத்தின் வழக்கு எவ்வளவு நீண்டு எவ்வளவு கடுமையாக விசாரிக்கப்பட்டதோ, அவ்வளவுக்கு அதன் கோப்பு தடித்தது. சிக்கலின்றி ஏற்கப்பட்ட குடும்பத்துக்குக் கிடைத்தது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் பெயர்கொண்ட ஒரே சான்றிதழ். மறுக்கப்பட்ட குடும்பத்துக்கோ முப்பதாண்டு வாழ்க்கை திகதிவாரியாக எழுதப்பட்டது. வள்ளி கணபதிப்பிள்ளை போன்றோர் நாடற்றமை பற்றிச் செய்த ஆய்வுகள் சட்டத்தையும் அரசியலையும் முன்வைத்தவை. அதே கோப்புகளைக் குடும்ப வரலாறாக வாசிக்கும் வேலை இன்னும் பெரிதாக நடைபெறவில்லை. வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. விண்ணப்பதாரர் சொன்ன வயதும் வந்த ஆண்டும் சட்டத்தின் நிபந்தனைக்கு ஏற்பச் சொல்லப்பட்டவை. ஊருக்குப் போய்வந்த பயணங்கள் குறைத்தே சொல்லப்பட்டிருக்கும்.

அந்தப் பயணங்களை உள்ளபடி காட்டக்கூடியது செக்ரோல். தோட்டத்தில் காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் கூடியதும் எழுதப்படும் கூலிக் கணக்கேடு இது. ஒரு பக்கத்தில் இடப்புறம் ஆளின் எண்ணும் பெயரும். வலப்புறம் மாதத்தின் நாட்களுக்குக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முழுப் பேரா, அரைப் பேரா, வேலைக்கு வரவில்லையா என்ற குறி. கடைசியில் மொத்தப் பேர், கூலி, அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழித்தது, கையில் கொடுத்தது. 'பேர்' என்பது தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. ஒருவரது வரியில் மாதக்கணக்காகக் கட்டங்கள் வெறுமையாக இருந்தால் நோய், பிரசவம், ஊர்ப்பயணம் ஆகிய மூன்றில் ஒன்று என்று ஊகிக்கலாம். குடும்ப வரலாற்றுக்கு அதன் மேலான பயன் பெண்களின் பெயர்கள். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை; கூலி அவர்கள் பெயரிலேயே கணக்கானது; ஆகவே திருமணப் பதிவும் பிரஜாவுரிமைச் சட்டமும் தந்தைவழியை மட்டுமே தேடிய காலத்தில், பாட்டியும் பூட்டியும் தம் பெயரோடும் எண்ணோடும் நாள்தோறும் எழுதப்பட்ட ஏடு இதுதான். மணமானதும் ஒரு பெண்ணின் பெயர் ஒரு தோட்டத்து ஏட்டில் நின்றுபோய் இன்னொரு தோட்டத்து ஏட்டில் தொடங்கும். இரு ஏடுகளும் கிடைத்தால் பதிவாளர் எழுதாத திருமணத்தின் மாதம்வரை கண்டுபிடிக்கலாம். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்குப் பிந்திய காலத்துக்கு அந்நிதியின் அங்கத்துவ எண்ணும் பின்னுரித்தாளர் பெயரும் இதே பணியைச் செய்கின்றன.

ஆனால் செக்ரோல் கூலி கொடுத்து முடிந்ததும் பழைய கடதாசியாகிவிடும் ஏடு. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் மாறியபோதும் ஆபீஸ் அலமாரிகள் கைமாறின. 1977, 1983 ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோது வீட்டுப் பெட்டிகளில் இருந்த அத்தாட்சிகளும் எரிந்தன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் அரசின் தாள்களுக்கு உரிய இடம். தோட்டத்தின் சொந்த ஏடுகள் அங்கே சேர வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயமொன்றிலேயே அமைத்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், இத்தகைய பொருள்களைத் தொழிலாளர் தரப்பில் நின்று சேகரித்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது.

பெயர்களின் எழுத்து வேறுபாடு அடுத்த தடை. தமிழில் சொல்லப்பட்ட பெயரைக் கிளாக்கர் தம் செவிக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதினார். சிங்களம் ஆட்சிமொழியாக்கப்பட்ட 1956க்குப் பின் பல பதிவுகள் சிங்களத்துக்கு மாறின. பிரதி கேட்பவர் அதை மீண்டும் தமிழாக்கிக்கொள்கிறார். மூன்று எழுத்துமுறைகளைக் கடந்த காளிமுத்து எந்த உருவில் வெளிவருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கருப்பன், ராமசாமி, மாரியாய், காத்தாயி போன்ற பெயர்கள் ஒரே தோட்டத்தில் பத்துப் பேருக்கு இருக்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வருவது குழப்பமாகத் தோன்றினாலும், வரிசையைக் கட்டியெழுப்ப அதுவே கைகொடுக்கிறது. தோட்டப் பெயர்களிலும் இதே நிலை: துரைமார் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் பெயர் வேறொன்று, தோட்டத்துக்குள் மேமலைக் கணக்கு, நடுக்கணக்கு, பணிய கணக்கு என்ற பிரிவுகளும் உண்டு. பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால், இரு பெயர்களையும் அறிந்த முதியவர் ஒருவர் தேடலுக்கு இன்றியமையாதவர்.

கடல் கடந்து ஊரைத் தேடும்போது ஜில்லா எல்லைகளின் மாற்றம் வழிமறிக்கிறது. 'திருச்சி ஜில்லா' என்று ஒரு தாளில் இருந்தால், அது இன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் மட்டும் அன்று. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளும் அதில் அடங்கும். 1910க்குப் பின் எழுதப்பட்டதாயின் அதுவரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கரூரும் அடங்கும். புதுக்கோட்டை 1948வரை தனி சமஸ்தானம். ஊர்ப்பெயர் மறந்துபோன குடும்பங்களில் குலதெய்வத்தின் பெயர் மறக்கப்படுவதில்லை. மதுரைவீரன், முனியாண்டி போல எங்கும் வழங்கும் பெயராக இல்லாமல், ஊர் எல்லையோடு ஒட்டிய தனிப் பெயராக இருந்தால் அது ஒரு வட்டாரத்தையே சுட்டிவிடும். அதற்கும் மேலான வழி, முன்னோரை விட்டுவிட்டுக் கங்காணியைத் தேடுவது. ஒரு கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஓரிரு ஊர்களைச் சேர்ந்த உறவினராக இருந்தமையால், அவர் ஊர் தெரிந்தால் அவர்கீழ் வந்த நாற்பது குடும்பங்களின் ஊரும் ஏறத்தாழத் தெரிந்துவிடும்; பெரிய கங்காணிகள் ஊரில் நிலம் வாங்கினார்கள், கோயிலுக்குக் கொடுத்தார்கள், கடன் வழக்குகளில் சிக்கினார்கள் என்பதால் அவர்களுடைய பெயர்கள் இரு கரையிலும் தாளில் நிலைத்தன. வரலாற்றாசிரியர் பற்றிக் பீபிள்ஸ், தொழிலாளர் பருவத்துக்கு வந்து போகும் கூட்டமாக இருந்தனர் என்ற பழைய கருத்தை மறுத்து, நிலையான குடியிருப்பு முன்னரே வேர்கொண்டதைக் காட்டியிருப்பது இங்கே நினைவுகொள்ளத் தக்கது. ஒரே கங்காணி வழியில் அடுத்தடுத்த தலைமுறைகள் ஒரே தோட்டத்தில் தொடர்ந்திருக்கும் குடும்பங்கள் நினைப்பதைவிட மிகுதி.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும் எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் வகுத்தது. 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்த அந்த ஆண்டுகளில், ஒரே குடும்பத்தின் தாள்களும் இரண்டாகப் பிரிந்தன. போனவர்களின் இந்தியக் கடவுச்சீட்டு கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் வழங்கப்பட்டது. அதன்பின் மண்டபம் முகாமில் குடும்ப அட்டை, கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைப் பதிவு என்று அவர்களின் தாள்வரிசை தொடர்ந்தது. இங்கே தங்கியவர்களின் வரிசை 1967, 1986, 1988, 2003 ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்களின்கீழ் வளர்ந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவருக்கு இந்தியாவில் தம் ஊரையும் உறவையும் விரித்துரைப்பது பாதகம். இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவருக்கோ அதுவே சாதகம். ஆகவே டிக்கோயாவில் தங்கிவிட்ட தம்பியின் கோப்பில் காணாத ஊர்ப்பெயர், கூடலூருக்குப் போன அண்ணனின் கோப்பில் தாலுகாவோடு எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அட்டன் பகுதிக் குடும்பமொன்று ஊரைத் தேடிப் புறப்படும்போது, திருச்சிக்கோ சேலத்துக்கோ போவதற்குமுன் நீலகிரியிலிருக்கும் தன் பெரியப்பன் வழியினரைத் தேடிப் போவதே குறுக்குவழி.